வாசலில் பைனஸ் வைக்கலாமா?



சில மாதங்களாக ஒரே கேள்வி வெவ்வேறு கையெழுத்துகளில் நமக்கு வந்துகொண்டிருக்கிறது. பலாங்கொடைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். தெரணியகலையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். இறக்குவானையில் லயத்தை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பமும் எழுதியிருந்தது. மூன்று கடிதத்திலும் கேட்டிருப்பது ஒன்றுதான்: வீட்டு வாசலில் பைனஸ் மரம் வைக்கலாமா?

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதும் கடிதங்களிலேயே தெரிகிறது. கனடாவில் இருக்கும் சித்தப்பா வட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டுப் படம் ஒன்று. முற்றமெல்லாம் பனி, ஓரத்தில் பச்சைப் பசேலென்று ஒரு பைன் மரம். சின்ன வயதிலிருந்து சினிமாப் பாட்டில் பார்த்த கொடைக்கானல் பைன் காடு இன்னொன்று. புது வீட்டின் முன்னால் அப்படி ஒரு மரம் நின்றால் நன்றாக இருக்குமே என்று யாருக்குத்தான் தோன்றாது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம்.

ஆனால் ஆசையாகக் கேட்டவருக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. ஏன் வேண்டாம், அந்த மரத்துக்கு உரிய இடம் எது, நம் வாசலுக்கு உரிய மரம் எது என்று கொஞ்சம் பேசுவோம்.

முதலில் அந்தக் கனடாப் படம். அதில் இருப்பது வெள்ளைப் பைன். கனடாவின் கிழக்கும் அமெரிக்காவின் வடகிழக்கும் அதன் சொந்த மண். ஒன்டாரியோ மாகாணம் 1984இல் அதைத் தன் மாகாண மரமாக ஏற்றுக்கொண்டது. ஊசி இலைகள் ஐந்தைந்தாகக் கொத்துக் கட்டி நிற்கும். குத்தாது, மெதுவாக இருக்கும். மற்ற மரங்களெல்லாம் இலையுதிர்த்து வெறும் கிளையாக நிற்கும் மாதங்களிலும் அது பச்சை மாறாமல் நிற்கும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் குடியேறிய நம் உறவினர்களின் கண்ணுக்கு, பனிக்கு நடுவே அந்தப் பச்சை எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் படம் எடுத்து அனுப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான ஹோடெனொசோனி மக்களுக்கு அது சமாதான மரம். தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த ஐந்து இனங்கள் ஒன்றுசேர்ந்து, ஆயுதங்களை வெள்ளைப் பைனின் வேரடியில் புதைத்தன என்பது அவர்களுடைய மரபு. பின்னால் வந்த ஆங்கிலேயர் அதை வேறு கண்ணால் பார்த்தார்கள். கப்பலின் பாய்மரத்துக்கு அதைவிட நேரான மரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1691இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்குக் கொடுத்த சாசனத்தில், 24 அங்குலத்துக்கு மேல் விட்டம் உள்ள மரங்கள் அரசருக்கே சொந்தம் என்று எழுதி வைத்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் அதற்காக 1772இல் ஒரு கலகமே நடந்தது. ஒரு மரத்துக்கு இவ்வளவு கதை இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அந்த மரத்தின் மேல் மதிப்பு கூடியது.

ஆனால் அந்த மரம் வளர்வதற்குக் குளிர்காலம் வேண்டும். விதை முளைப்பதற்குக்கூட ஈரத்தோடு இரண்டு மாதமளவு குளிரில் கிடக்க வேண்டும். வளர்ந்த மரமும் ஆண்டில் சில மாதம் உறங்கி எழ வேண்டும். இரத்தினபுரியில் எந்த மாதம் குளிர்காலம்? நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே வெக்கை, ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இங்கே வெள்ளைப் பைனைக் கொண்டுவந்து வைத்தால், நீங்கள் என்னதான் பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் அது சோர்ந்துபோகும்.

அங்கேயும் அதைக் கண்ட இடத்தில் நடுவதில்லை. தெருவோரத்தில் வைத்தால், பனி உருகுவதற்காக வீதியில் போடும் உப்பு பட்டுக் கருகும். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளித்தான் நட வேண்டும். வளர்ந்தால் 100 அடி போகும். நுனிக்குருத்தைத் துளைக்கும் ஒரு வண்டு இருக்கிறது. அது வந்தால் மரம் கோணிவிடும்.

இதோடு இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த மரத்தைக் கொல்லும் துருநோய் ஒன்று 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட அமெரிக்காவுக்குள் நுழைந்தது. எப்படி? ஐரோப்பாவில் வளர்த்துக் கப்பலில் அனுப்பிய பைன் நாற்றுகளோடு. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், ஒரு வாசகர் கனடாவிலிருந்து வரும் அண்ணனிடம் விதை கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதிப் பத்திரம் இல்லாமல் விதையோ கன்றோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. சட்டத்தை விடுங்கள். நம் சொந்தக் கதையே போதாதா? 1869இல் இலங்கைக் கோப்பியில் கண்ட இலைத்துரு, இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்களையே இல்லாமல் செய்தது. கோப்பி போய்த் தேயிலை வந்ததும், நம் முன்னோரின் வாழ்க்கை திசை மாறியதும் ஒரு பூஞ்சணத்தால்தான். 2019இல் இறப்பர் மரங்களில் புதிய இலையுதிர் நோய் ஒன்று வந்தபோது, கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பால் வெட்டும் குடும்பங்களுக்கு அது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். ஒரு சூட்கேஸ் மூலையில் வரும் சின்னப் பொட்டலத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு.

சரி, வெள்ளைப் பைன் வேண்டாம், நம் மலையில் ஏற்கனவே நிற்கிறதே பைனஸ், அதை வைக்கலாமே என்று கேட்பீர்கள். பலாங்கொடையைத் தாண்டி பெலிஹுல்ஓயாப் பக்கம் ஏறும்போது பஸ் ஜன்னலில் தெரிகிறதே, அந்த மரம்.

அது கரிபியன் பைன். ஹொண்டுராஸ், நிகரகுவா, கியூபா, பஹாமாஸ் பக்கத்து மரம். வெப்பத்தைத் தாங்கும். 1970களிலும் 80களிலும் வனத் திணைக்களம் அதைப் பெருமளவில் நட்டது. தேயிலை போய்க் கைவிட்ட மலைகள், தீப்பட்டுத் தீப்பட்டுப் புல் மட்டும் மிஞ்சிய மேடுகள், வேறெதுவும் வேர்பிடிக்காத சரிவுகள் எல்லாவற்றிலும் அது வேகமாக எழுந்து நின்றது. பலகை கிடைக்கும், கடதாசிக் கூழுக்கு ஆகும் என்ற எண்ணமும் அப்போது இருந்தது. பின்னர் பிசின் எடுக்கும் தொழிலும் வந்தது. இறப்பர் வெட்டுகிறவர்களுக்கு அதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. பட்டையைச் சீவிவிட்டு, கீழே பையைக் கட்டினால் பிசின் இறங்கும். அதைக் காய்ச்சி டர்பன்டைனும் ரோசினும் எடுப்பார்கள்.

ஊரில் இந்த மரத்தின் மேல் கோபமும் உண்டு. பைனஸ் வந்த பிறகுதான் ஊற்று வற்றியது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. புல் இருந்த மலையில், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் வேகமான மரத்தைக் காடு காடாக வைத்தால் ஓடையில் நீர் குறையும். தென்னாபிரிக்காவில் பல பத்தாண்டுகள் ஓடைகளை அளந்து பார்த்து இதைக் காட்டியிருக்கிறார்கள். உதிர்ந்த ஊசிகள் இலகுவில் உக்குவதில்லை. மெத்தை போல் கிடக்கும். வெயில் மாதத்தில் அதில் ஒரு தீக்குச்சி விழுந்தால், பிசின் உள்ள மரம் பற்றிக்கொள்ளும்.

ஆனாலும் பைனஸைக் கெட்ட மரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

சிங்கராஜாவுக்குப் போனவர்கள் கலவானை, வெத்தாகல வழியாகக் குடாவைக்குப் போயிருப்பீர்கள். 1970களின் தொடக்கத்தில் அந்தக் காட்டில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அது நின்றது. 1978இல் அது உயிர்க்கோளக் காப்பகமானது. 1988இல் உலக மரபுரிமையானது. காட்டின் எல்லையில், முன்பு சேனை செய்து களைத்துப்போன நிலங்களில், வனத் திணைக்களம் ஒரு வேலிபோலக் கரிபியன் பைனை நட்டது. உள்ளே இருக்கும் காட்டை ஊரார் வெட்டாமல் இருக்க, வெளியே இந்த மரம்.

1991இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க இருவரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மார்க் அஷ்டனும் அங்கே ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். பைனஸ் நிரைகளில் சில இடத்தில் ஒரு நிரையை எடுத்தார்கள். சில இடத்தில் மூன்று நிரையை எடுத்தார்கள். சில இடத்தை அப்படியே விட்டார்கள். அந்த இடைவெளிகளில் நம் மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நட்டார்கள். வெட்டவெளியில் வைத்தால் வெயிலில் வாடிவிடும் கன்றுகள் அவை. முழு நிழலிலும் ஏறாது. நிரையை எடுத்த இடங்களில் அவை நன்றாக வளர்ந்தன. வெளியூரிலிருந்து வந்த பைனஸ், நம் காட்டுப் பிள்ளைகளுக்குச் செவிலித்தாயாக நின்றது.

இதை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது! அந்தப் பைனஸை முழுவதுமாக வெட்டி எறிந்திருந்தால் மறுபடியும் புல்லும் பன்னமும்தான் வந்திருக்கும். அப்படியே விட்டிருந்தாலும் வெறும் பைனஸ்தான். கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் விட்டு, நடுவில் நம் மரத்தை நட்டபோதுதான் காடு திரும்பியது. ஆக, பைனஸுக்கு இடம் உண்டு. அது மொட்டை மலை. உங்கள் வாசல் அல்ல.

வாசலுக்கு வருவோம்.

மலையக வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியும் 550 சதுர அடி வீடும் பழகிப்போன கணக்கு. 7 பேர்ச்சஸ் என்பது 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். சதுரமாக நினைத்தால் 44 அடிக்கு 44 அடி. அதில் வீடு போக, மலசலகூடக் குழி, தண்ணீர்த் தாங்கி, உடுப்புக் காயப்போடும் இடம், கான், நடைபாதை எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு? இனி அதில் ஒரு கரிபியன் பைனை வைத்துப் பாருங்கள். 80 அடி உயரத்துக்கு அது சாதாரணமாகப் போகும். 44 அடிக் காணியில் 80 அடி மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது உங்கள் காணிக்குள் விழாது. பக்கத்து வீட்டு அக்காவின் கூரையில்தான் விழும்.

விழாமல் நின்றாலும் தொல்லைதான். ஊசிகள் கூரையில் விழுந்து பீலியை அடைக்கும். மழைநீரைத் தாங்கியில் சேர்க்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். விறகடுப்பு எரியும் வீட்டருகே காய்ந்த ஊசிக் குவியல் இருப்பது நல்லதா? அடியில் கீரையோ மிளகாயோ வைக்கவும் முடியாது. பலகைக்காவது ஆகுமென்றால், மருந்து ஏற்றாத பைன் பலகையைக் கறையான் விட்டுவைக்காது. தோட்டத்தில் உழைக்கிற ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த துண்டு நிலத்தில், அழகுக்காக மட்டும் ஒரு மரம் அவ்வளவு இடத்தைப் பிடிக்கலாமா?

மண்சரிவைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் மரத்தைப் பற்றிப் பேச முடியாது. 2003 மே மாதம் இரத்தினபுரியில் நடந்ததை மறந்தவர் யார்? 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தை. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புலத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்து லயத்தின் மேலும் மண் இறங்கியது. மறு ஆண்டு மே மாதம் மறுபடியும் இரத்தினபுரி. மே மாதம் வந்தாலே மழைச் சத்தத்தில் தூக்கம் வராத வீடுகள் நம்மிடம் எத்தனை!

மரம் வேரால் மண்ணைப் பிடிக்கும், அது உண்மை. ஆனால் எந்த மரமும் எந்த இடத்திலும் பிடிக்கும் என்று நினைப்பதுதான் ஆபத்து. மேல்மண் மெல்லியதாக, அடியில் பாறை இருந்தால் பெரிய மரத்தின் வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் படரும். உச்சியில் காற்று, தண்டில் பாரம், அடியில் ஊறிய மண். வீட்டுக்கு மேலே வெட்டிய மண்திட்டின் விளிம்பில் உயரமான மரம் ஒன்றுமே வேண்டாம், பைனஸ் மட்டுமல்ல. அங்கே வெட்டிவேர் நிரையாக வையுங்கள். அதன் வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைத் தைத்துப் பிடிக்கும். சரிவுக்குக் குறுக்கே கிளிசரிடியா வரிசை வைத்து அடிக்கடி வெட்டிவிடலாம். தழை உரமாகும், ஆட்டுக்கும் ஆகும். எல்லாவற்றுக்கும் முன்னால் கானைத் துப்புரவாக வையுங்கள். தண்ணீர் போக வழியில்லாத சரிவை எந்த வேரும் காப்பாற்றாது. நிலத்தில் புதிய வெடிப்போ, மரம் திடீரென்று சாய்வதோ, ஊற்று கலங்கி வருவதோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை வானொலியில் கேளுங்கள்; அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்; பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

அப்படியானால் என்னதான் நடுவது?

எனக்கு முதலில் வாயில் வருவது பலா. 2022 நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். மாவு விலை ஏறி, காஸ் இல்லாமல், அரிசிக்கும் திண்டாடிய மாதங்களில், எத்தனை வீட்டில் அவித்த பலாக்காயும் தேங்காய்ச் சம்பலும் இரவுச் சாப்பாடாக இருந்தது? பலாக்கொட்டையைச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாய்மார் எத்தனை பேர்? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலா நடச் சொல்லி ஊர் ஊராகப் போனார். சிங்கள மக்கள் அவரைச் செல்லமாகக் 'கொஸ் மாமா' என்றே அழைத்தார்கள். பலாவையும் ஈரப்பலாவையும் இஷ்டத்துக்கு வெட்டாமல் இருக்க 1951இலேயே சட்டம் வந்தது. அரசாங்கம் சட்டம் போட்டுக் காக்கும் அளவுக்கு அது ஏழை வீட்டுச் சோற்று மரம்.

ஆனால் பலாவும் பெரிய மரம். 7 பேர்ச்சஸில் வீட்டுச் சுவரோரம் வைக்கக்கூடாது. அதனால் எனக்கு ஒரு யோசனை. நான்கு வீட்டுக்குப் பொதுவாக ஒரு பலா வைத்தால் என்ன? நான்கு காணி சேரும் மூலையிலோ, பாதையோரப் பொது இடத்திலோ, கோயில் வளவிலோ ஒன்று. லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் வாழ்ந்து, உப்பும் தீப்பெட்டியும் மாற்றிக்கொண்டவர்கள் நாம். தனி வீட்டுக்கு வந்ததும் வேலி போட்டுக்கொண்டோம், அது தேவைதான். ஆனாலும் ஒரு பலாவையாவது பங்கு போட்டுக்கொள்ள நமக்கு முடியாதா?

வீட்டுக்கென்று வைப்பதற்குச் சிறியவை நிறைய இருக்கின்றன. றம்புட்டான் நம் மழைக்கு அருமையாக வரும். ஆனால் விதை போட்டு முளைக்கவைத்த கன்று பல நேரம் ஆண் மரமாகப் போய்விடும். பல வருடம் காத்திருந்து ஏமாற வேண்டாம், ஒட்டுக் கன்றே வாங்குங்கள். பட்டர்புரூட்டுக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மேட்டில் வையுங்கள். கமுகு ஒல்லி மரம், எல்லையோரம் நான்கு வைத்தால் இடத்தைத் தின்னாது. அதில் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டால் காசும் வரும். எலுமிச்சை, கறிவேப்பிலை, கொய்யா எல்லாம் அடுப்படிக்குப் பக்கத்தில். முருங்கை நம் ஓயாத மழைக்குக் கொஞ்சம் சோரும். அதற்கும் மேடான, வெயில் படும் மூலை வேண்டும். வாழையும் பப்பாசியும் இல்லாத முற்றம் முற்றமா?

அழகு வேண்டாமா என்று அந்த ஆசிரியை கோபிப்பார். வேண்டும். அவருடைய ஆசையை நான் சிறிதாக நினைக்கவில்லை. காலையில் கொழுந்து மலைக்குப் போய் மாலையில் திரும்பும் அம்மாவின் கண்ணுக்கு, வாசலில் ஓர் அழகு இருக்கத்தான் வேண்டும்.

அதற்கு நாகமரத்தைப் பாருங்கள். 1986இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவித்த மரம். இளமையில் கூம்பு வடிவம், என்றும் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் பைன் மரத்தின் சாயலே உண்டு. குருத்து விடும்போது மரம் முழுக்கச் சிவக்கும். வெள்ளைப் பூவும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாகப் பூத்தால் வாசம் வழியெல்லாம் வரும். மிக மெதுவாக வளரும் மரம் என்பதால் பல வருடம் வாசலுக்கு அடக்கமாகவே நிற்கும். ஆனாலும் முழு உயரம் பெரியது. ஆகவே வீட்டைவிடக் கோயில் வளவும் பாடசாலை மைதானமும்தான் அதற்குப் பொருத்தம். அந்த ஆசிரியைக்கு நான் சொல்வது, உங்கள் பாடசாலையில் ஒன்று நடுங்கள். இன்னொரு சேதி: சிங்கராஜாவில் பைனஸ் நிழலில் வளர்த்தெடுத்த கன்றுகளில் நாகமரமும் ஒன்று.

நத்தாருக்குப் பைன் மரம் வேண்டும் என்று கேட்ட வாசகர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொட்டியில் ஓர் அரோகேரியா போதும். அடுக்கடுக்கான கிளை, நட்சத்திரமும் மின்விளக்கும் தொங்கவிட ஏற்ற உருவம். தொட்டியில் இருக்கும்வரை பிள்ளையின் உயரத்தில் நிற்கும். ஆசைப்பட்டு நிலத்தில் இறக்கிவிட்டால் அதுவும் தென்னையைத் தாண்டி ஓடும். வீட்டோரத்தில் இறக்கிவிட்டுப் பின்னால் வெட்ட ஆள் தேடி அலைபவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு, இன்னொரு கடிதம் மனதைவிட்டுப் போகவில்லை. எட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது. நீங்கள் பலா நடு, றம்புட்டான் நடு என்று எழுதுகிறீர்கள், நான் இருப்பது லயம், நாளைக்கு இந்த இடம் யாருக்கு என்று எனக்கே தெரியாது, இதில் எந்த மரத்தை நடுவது என்று கேட்டிருந்தார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது? லயத்து வாசலில் மிளகாயும் கீரையும் செவ்வந்தியும் இருக்கின்றன. பத்து வருடம் கழித்துக் காய்க்கும் மரம் அரிதாகத்தான் இருக்கிறது. நம் மக்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்றா சொல்வீர்கள்? இந்த மலைகளில் நிழல் மரம் முதல் தேயிலைச் செடி வரை நட்டு வளர்த்த கைகள் அவை. தனக்குச் சொந்தமில்லாத மண்ணில் பேரப்பிள்ளைக்கான மரத்தை யாரும் நடமாட்டார்கள். 2023இல் மலையகத்துக்கு 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தோம். 200 ஆண்டுக்குப் பிறகும் ஒரு பலாக்கன்று நடுவதற்கு ஒரு தாய் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால் அதற்கு மருந்து காணி உறுதிதான். சப்ரகமுவவைப் பொறுத்தவரை, வீடமைப்பு என்றால் நுவரெலியா, பதுளை என்று பேசிவிட்டு நம்மைக் கடைசியில்தான் நினைப்பார்கள் என்ற மனக்குறையும் இங்கே பலருக்கு உண்டு. அந்தக் குறை நியாயமானது. இந்தப் பத்திரிகை அதைத் தொடர்ந்து எழுதும்.

அந்த வாசகிக்கு இப்போதைக்கு நான் சொல்லக்கூடியது: ஒன்றரை வருடத்துக்குள் பலன் தரும் வாழையும் பப்பாசியும் வையுங்கள். ஒட்டு எலுமிச்சையைப் பெரிய பையிலோ பழைய பீப்பாயிலோ வளர்த்தால், வீடு மாறும்போது கூடவே கொண்டுபோகலாம். வீடமைப்புத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தால், காணியை அளந்து பிரிக்கும் நாளில் பக்கத்தில் நின்று, ஏற்கனவே நிற்கும் பலாவையும் ஈரப்பலாவையும் டோசரால் தள்ளாமல் விடச் சொல்லுங்கள். வீடு ஆறு மாதத்தில் எழும்பும். பலா எழும்ப எத்தனை வருடம்!

லயத்துக்குப் பக்கத்தில் ஏற்கனவே பைனஸ் நிற்கும் தோட்டங்களும் உண்டு. அங்கே இருப்பவர்கள் பயந்து நாளைக்கே வெட்ட வேண்டியதில்லை. சரிவில் நிற்கும் மரங்களை ஒரேயடியாக வெட்டினால், பழைய வேர் உக்கும் காலத்தில் மண் இளகும் ஆபத்து உண்டு. சாய்ந்திருப்பதும், அடிவேர் மண்ணைவிட்டுத் தூக்கியிருப்பதும், கூரைக்கு மேல் கிளை நீட்டியிருப்பதும் எது என்று பார்த்து, கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பிரதியொன்றைப் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். மரத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினால் நல்லது. உதிர்ந்த ஊசிகளை வாரி வீட்டைவிட்டுத் தள்ளிப் போடுங்கள். அன்னாசிப் பாத்திக்கு மூடாக்காகவும் போடலாம், களை அடங்கும்.

எந்தக் கன்றானாலும் மழை தொடங்கியதும் நடுவதுதான் நல்லது. மே மாதத்துப் பெருமழையில் சின்னக் கன்று அடித்துப்போகும் இடமாக இருந்தால், ஒக்டோபர் மழைக்குக் காத்திருங்கள். இரண்டடி ஆழம் இரண்டடி அகலத்தில் குழி வெட்டி, ஒரு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு உக்கிய சாணமும் இலைதழையும் கலந்து நிரப்புங்கள். ஒட்டு வைத்த கணு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அது புதைந்தால் கீழ்க்கன்று தளிர்த்து ஒட்டை மீறிவிடும். நல்ல கன்று எங்கே கிடைக்கும் என்று உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். வீதியோரத்தில் விற்கும் கன்றுகளில் ஒட்டு எது, விதைக்கன்று எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான்கு வீட்டுக்கு ஒரு பலா என்ற யோசனை உங்களுக்குப் பிடித்திருந்தால், யார் யார் சேர்ந்தீர்கள், எந்த மூலையில் நட்டீர்கள், காயை எப்படிப் பங்கு போடுவதாக முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்